அட்டக்கோயாவின் புல்வேலி

அகத்தித் தீவில் அட்டக்கோயாவைப் போல ஆமையை வெறுத்தவன் வேறு யாருமில்லை. கண்டாலே காறித் துப்புவான். முழங்கால் உயரம் நின்ற கடற்புல்லை வேர்வரை மேய்ந்து, தீவைச் சுற்றிய ஆழமில்லாத உள்கடலையே மொட்டையடித்துவிட்டு, அந்த மணல்மேலேயே கழிந்துவைக்கிற ஜென்மங்கள். புல் போனதும் அதற்குள் வளர்ந்த ஓரா மீனும் போனது. சுற்றுலாக்காரர்கள் படகிலிருந்து எட்டி எட்டி ஆமையைப் படமெடுப்பார்கள். அவர்களைக் கண்டாலும் அவனுக்குக் குமட்டும்.

அந்தத் தீவு வழக்கப்படி, கல்யாணமானாலும் ஆண்பிள்ளைக்குப் பகலெல்லாம் தாய்வீடுதான். பொழுது சாய்ந்தால் மனைவி வீட்டுக்குப் போவான். வெளிக்கடலில் பிடிக்கும் சூரை மீன் எல்லா வீட்டிலும் உண்டு. ஓரா கொண்டுவரும் மருமகனுக்குத்தான் மதிப்பு. அட்டக்கோயா கொஞ்ச காலமாக வெறுங்கையை வீசிக்கொண்டு போய் மாமியாரின் கடுகடுத்த முகத்தைப் பார்த்து வந்தான்.

பொறுக்கமாட்டாமல், மிச்சமிருந்த ஒரு துண்டுப் புல்லைச் சுற்றிக் கம்பு நட்டுப் பழைய வலையைக் கட்டினான். ஆமை நுழையாது, சிறுமீன் நுழையும். மழைக்காலம் கழிந்து பார்த்தால் புல் அடர்ந்து நின்றது, உள்ளே ஓரா மின்னியது. "பெருநாளைக்கு ஓராதான்" என்று மனைவி சாராபியிடம் வாக்குக் கொடுத்துவிட்டான்.

பெருநாளுக்கு முதல்நாள் போனால், ஒரு பேராமை வலையில் கழுத்தை முறுக்கிக்கொண்டு, மேலே வந்து மூச்செடுக்க வழியில்லாமல் துடித்தது.

"சாவு, சனியனே" என்றான். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. தலையைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே தூக்கினான். அதன் கண்ணிலிருந்து கொழகொழவென்று நீர் வழிந்தது. கத்தியை எடுத்து ஒரு பக்கத்து வலை முழுவதையும் அறுத்துவிட்டான்.

அறுத்த வலையைத் திரும்பக் கட்டக் கரைக்குப் போய்க் கயிறு எடுத்துத் திரும்புவதற்குள் ஆமை மந்தையே உள்ளே புகுந்திருந்தது. கழுத்தில் வலைத்துண்டு தொங்க, முன்னால் நின்று மேய்ந்தது அவன் விடுவித்த அதே ஆமை. சாயங்காலத்துக்குள் புல்லுமில்லை, ஓராவுமில்லை.

"ஓரா எங்க?" என்றாள் சாராபி.

நடந்ததைச் சொன்னான். "அழுதுச்சு, சாராபி."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது: "ஆமை உப்பைக் கண்ணு வழியாத்தான் கழிக்கும். அது ஒண்ணுக்குப் போனதப் பாத்தா நீ உருகினே?"

"தெரியும் மாமி. உங்க மகளுக்கு அதச் சொன்னதே நான்தான்."

சாராபி சூரைக் குழம்பை ஊற்றினாள். ஒரு கவளம் வாயில் வைத்தான். இத்தனை நாள் ஆமையைக் கண்டு வந்த குமட்டல் இப்போது தன்னை நினைத்தே வந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.