நான் சாய்ந்து உட்கார்ந்த கதவு

என் கணவருக்கு எல்லாரும் போகிற வழி என்றாலே ஆகாது. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் ஒரு தடவை என்னையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போனார். மெக்சிகோவில் ஒரு துறைமுகத்தில் இறங்கினோம். அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்று கூட வேலை பார்த்தவர்கள் எந்தப் பக்கத்தைச் சொன்னார்களோ, அந்தப் பக்கமே என்னை இழுத்துக்கொண்டு போனார். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளுக்கு நடுவே சந்து சந்தாகச் சுற்றினோம். நாலு பேர் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். எப்படியோ ஒரு பஸ்ஸில் ஏறித் தப்பித்தோம். அந்தக் கதையை இவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. சொல்லச் சொல்ல நாலு பேர் எட்டுப் பேராகிவிட்டார்கள். கேட்கிறவர்கள் என்னைப் பார்த்து, "நீங்களும் சரியான ஆளுதான்" என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இவரை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் இதை எழுதவில்லை.

போன கோடையில் ஒரு விசேஷத்துக்காக விருதுநகரில் என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தோம். அது நான் பிறந்த ஊர். எங்கள் வீட்டில் மிளகாய் வத்தல் கமிஷன் வியாபாரம். சொந்தத்தில் பாதிப் பேருக்கு வத்தல், மீதிப் பேருக்கு சிவகாசியில் பட்டாசோ அச்சாபீஸோ இருக்கும். விசேஷம் முடிந்த மறுநாள் இவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தம்பியின் பைக்கை வாங்கிக்கொண்டு, "வா பிள்ள, சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்றார். காக்கி பேண்ட், நிறையப் பாக்கெட் வைத்த சட்டை, கழுத்தில் கேமரா. ஊர் சுற்றுவதற்கென்றே வாங்கிய உடுப்பு அது.

ஆமத்தூர் தாண்டியதும் தார் ரோட்டை விட்டு ஒரு மண்பாதையில் இறக்கினார். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். மணி பதினொன்றரை இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். இவருடைய காக்கி பேண்டைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு முள்ளுக்குள் ஓட்டம் பிடித்தார். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்மளப் பாத்து ஒருத்தன் பயப்படுறான் பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பக்கம் பிறந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? வெளியாளைக் கண்டு ஓடுகிறார் என்றால் பக்கத்தில் எங்கேயோ திருட்டுத்தனமாக வெடி வேலை நடக்கிறது என்று அர்த்தம். வண்டியைத் திருப்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பட்டாசு கம்பெனி. எப்போதோ விபத்து நடந்து மூடிய இடம் போல. நாலு அறைகளில் மூன்று இடிந்து கிடந்தன. நாலாவது மட்டும் தகரக் கூரையோடு முழுசாக நின்றது. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கதவில் பூட்டு. கதவு பழசு, பூட்டு புத்தம் புதுசு. அதையும் பார்த்தேன். வேலை முடித்துப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

இவர் இடிந்த சுவர்களைப் படம் எடுக்கப் போனார். அந்தக் கதவடியில்தான் கொஞ்சம் நிழல் இருந்தது. படியில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். மீதியை முகத்தில் அடித்துக்கொண்டேன். தூரத்தில் நின்ற இவரிடம் சத்தமாகப் பேச்சுக் கொடுத்தேன். "இப்படிக் கள்ளத்தனமா நடத்துறவங்களை எல்லாம் கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக்கொடுத்து உள்ளே தள்ளணும்" என்று வாய் கிழியப் பேசியது நான்தான். அரைமணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

முதுகுக்குப் பின்னால் கதவை யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். நான் துள்ளி எழுந்தேன்.

"ஆபீசரம்மா, ஒங்களத்தான். ஒரு ஆளுக்கு ரொம்ப முடியலம்மா. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கா. கதவத் தொறந்துவிடுங்க. பொறவு எந்தக் கேசு வேணும்னாலும் போட்டுக்கோங்க."

கதவிடுக்கில் வாயை வைத்துச் சொன்னேன். "நான் ஆபீசர் இல்லம்மா. சாவி யார்ட்ட இருக்கு?"

"ஒங்களப் பாத்துட்டு ஓடுனாரே, கதவிடுக்குல பாத்தோம், அவருட்டதான்."

உள்ளே ஐந்து பெண்கள். வெளியிலிருந்து பூட்டிவிட்டால் சோதனைக்கு வருகிறவர்கள் ஆளில்லாத இடம் என்று போய்விடுவார்களாம். தினமும் அப்படித்தான் வேலையாம். பன்னிரண்டு மணிக்கு அந்த ஆள் கதவைத் திறந்துவிடுவார், வெளியே வந்து சாப்பிட்டு, காற்று வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போவார்கள். வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் செல்போன் ஆகாது என்று காலையிலேயே எல்லாருடைய போனையும் வாங்கி அந்த மஞ்சப்பையில் போட்டு வைத்துக்கொள்வாராம். யாருடைய நம்பரும் யாருக்கும் மனப்பாடமாகத் தெரியவில்லை.

"எம்புட்டு நேரமா மயக்கமா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"நீங்க வந்து ஒக்காரயிலயே சாஞ்சுட்டா. நீங்க போயிருவீக, போயிருவீகன்னு பாத்தோம்."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் மூச்சுவிடுகிற சத்தம்கூட வெளியே வராமல் அவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்குப் பயந்து.

இவர் ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் ஒரு பெரிய கல்லைத் தூக்கினார். உள்ளே நாலு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

"ஐயா, அடிச்சிராதீக! இரும்புல கல்லு பட்டாப் பொறி வரும். இங்கன மணிமருந்து காயப் போட்டிருக்கு, தரை பூரா தூசி. அம்புட்டு பேரும் கரிக்கட்டையாப் போயிருவோம்!"

மணிமருந்து என்பது வானத்தில் போய்க் கலர் கலராகச் சிதறுகிற வெடிக்குள் வைக்கிற உருண்டை. கல் இவர் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. சாவிக்காரரைப் பிடித்துவருகிறேன் என்று முள்ளுக்குள் ஓடினார். "நாங்க ஆபீசர் இல்ல, நில்லுங்க!" என்று இவர் கத்துவது எனக்குக் கேட்டது. காக்கி பேண்ட் போட்ட ஒருவர் துரத்திக்கொண்டே இப்படிக் கத்தினால் யார் நிற்பார்கள்?

நான் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிறேன் என்றேன். "வேண்டாம்மா, போலீசும் கூட வரும். எங்க பொழப்புல மண்ணு விழுந்துரும்" என்று உள்ளே அழுதார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னதால் மட்டும் நான் சும்மா இருக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது யாருடைய இடமோ, சொந்தத்தில் யாருடையதாவது இருந்துவிட்டால் தம்பிக்கு அல்லவா தலைவலி என்று எனக்குள் ஓடியது. ஒரு பெண் உள்ளே செத்துக்கொண்டிருக்கும்போது என் புத்தி அங்கே போனது. தூரமாகப் போய்க் கையில் எடுத்த போனை மறுபடி பைக்குள் வைத்தேன்.

இவர் வெறுங்கையோடு திரும்பிவந்தார். சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது. அப்போது உள்ளே இருந்தவர்களில் ஒருத்தி யோசனை சொன்னாள். பூட்டை விட்டுவிட்டு, கதவையும் நிலையையும் தண்ணீர் ஊற்றி நன்றாக நனைத்து, ஈரச் சாக்கை வைத்து மூடி, கட்டையால் நெம்பச் சொன்னாள். வெளியே ஒரு மூலையில் சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது, பக்கத்திலேயே சாக்கும் கிடந்தது. இருவரும் வாளி வாளியாக ஊற்றினோம். இவர் ஒரு கருவேலங்கட்டையைக் கொடுத்து நெம்பினார். நிலைக்கட்டை முழுக்கக் கரையான். பூட்டு பூட்டியபடியே இருக்க, அது மாட்டியிருந்த கொண்டியோடு நிலை பெயர்ந்து வந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதலிலேயே செய்திருக்கலாம்.

உள்ளே இருந்து வந்த சூடு முகத்தில் அறைந்தது. அவளுக்கு நாற்பது வயது இருக்கும். உடம்பு அடுப்பிலிருந்து இறக்கின சட்டி மாதிரிக் கொதித்தது. கை இரண்டும் முழங்கை வரை பட்டாசில் சேர்க்கிற வெள்ளி நிறப் பொடி. வெளியே கிடத்தித் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருத்தி மட்டும் அழுதுகொண்டே அவள் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சூடு தணிவதற்காக என்று நினைத்தேன். பொடி போகிறவரை கழுவிவிட்டு, என்னிடம் சொன்னாள்:

"ஆஸ்பத்திரில கேட்டா ரோட்டோரமா கெடந்தான்னு சொல்லுங்கக்கா. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். எங்களக் காட்டிக் குடுத்துராதீக."

இவர் வண்டியை ஓட்ட, அவளை நடுவில் வைத்து, ஒரு துண்டால் இவர் முதுகோடு கட்டினார்கள். பின்னால் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். முதலில் என் கைக்குள் அவள் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. தார் ரோடு ஏறிய பிறகு தெரியவில்லை. இவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வண்டி ஓட்ட மாட்டார் என்று இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். "எங்க இருந்தாங்க?" என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ரோட்டோரமா மயங்கிக் கிடந்தாங்க." டாக்டர் எழுதிக்கொண்டார். உயிர் வந்த மாதிரி இருந்தது எனக்கு. அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் என்மேலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நாங்கள் உடனே கிளம்பியிருக்கலாம். யாராவது வருகிறவரை இருப்போம் என்று இவர்தான் சொன்னார். ஒரு மணி நேரத்தில் அவளுடைய மகள் வந்தாள். அச்சாபீஸில் காலண்டர் வேலை பார்க்கிறவள், விரலெல்லாம் பசை காய்ந்திருந்தது. உள்ளே போய் அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். பிறகு வெளியே வந்து நர்ஸிடம் விசாரித்துவிட்டு எங்களிடம் வந்தாள்.

"மேலுக்கு முடியலன்னு பாதி வேலையில கெளம்பிட்டாகளாம். கூட வேல பாக்கிற அக்கா சொன்னாக. அந்த ரோட்டுல எத்தன வண்டி போயிருக்கும்! ஒருத்தரும் நிக்கல. நீங்க ரெண்டு பேரும்தான் நின்னு தூக்கிட்டு வந்திருக்கீக. யாரு பெத்த புள்ளைகளோ, நீங்க நல்லா இருக்கணும்."

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். யார் காலில் விழுந்தாலும் செய்கிற பழக்கத்தில் என் கை அவள் தலைமேல் போனது. "நல்லா இரும்மா" என்று சொன்னேன்.