விட்டுத் தந்த மூன்று ஆட்டங்கள்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு இடுக்கு வழியாக, "பதறாதீங்க, கதவுல சாயாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று ஒரு குரலில் சொல்வார். அதைக் கேட்டால் உள்ளே இருப்பவர் தூங்கியே போய்விடுவார். வீட்டிலும் அதே குரல்தான். சமையல் பாதியில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று நான் கத்தினாலும் அதே குரல்தான். கல்யாணமான புதிதில் இந்த மனிதருக்குக் கோபமே வராதா என்று ஆச்சரியப்பட்டேன். போகப்போக அந்த ஆச்சரியம் எனக்குக் கோபமாக மாறிவிட்டது.

அவருக்கு இருக்கும் ஒரே பைத்தியம் கார்டு விளையாட்டு. காசு வைத்து ஆடுகிற சீட்டு இல்லை. ஒவ்வொரு கார்டிலும் ஒரு மிருகமோ மந்திரவாதியோ படமாக இருக்கும், அது என்ன செய்யும் என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து அறுபதைப் பொறுக்கி அவரவர் கார்டுக் கட்டை அவரவரே சேர்க்க வேண்டும். பாதி ஆட்டம் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது என்பார். எங்கள் வீட்டு செருப்புப் பெட்டிகளில் செருப்பு இருந்ததே இல்லை, கார்டுதான். ஒருமுறை அவர் சட்டைப் பையில் விட்டிருந்த டிராகன் ஒன்றைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டேன். அன்றைக்கு மட்டும் அவர் முகம் கொஞ்சம் வாடியது.

கட்டு சேர்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆட்டக்காரர்கள் அவரை 'லிஃப்டு' என்று கூப்பிடுவார்கள். இவர் ஒரு கட்டைக் கொண்டுபோய் ஆடினால், அடுத்த மாதம் பாதிப் பேர் கையில் அதே கட்டு இருக்கும். பேர்தான் லிஃப்டு. மேலே போனதென்னவோ என் அண்ணன்.

அண்ணன் கார் ஷோரூமில் விற்பனை பார்க்கிறான். ஓட்டத் தெரியாதவனுக்கும் கார் விற்றுவிடுவான். இரண்டு பேரும் கார்டு கடையில் பழக்கமானவர்கள். முதலில் சிநேகிதன் என்று வீட்டுக்குக் கூட்டி வந்தான், பிறகு மாப்பிள்ளை என்று கூட்டி வந்தான். "பாப்பா, இவனை மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டான்" என்று என்னிடம் சொன்னான். உண்மைதான். அவனுக்கும் கிடைத்திருக்க மாட்டான்.

இவர் கட்டு சேர்ப்பார், இருவரும் அதே கட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். பெரிய போட்டிகளில் இரண்டு நாள் ஆடி முடித்ததும், அதிகம் ஜெயித்த எட்டுப் பேர் மட்டும் கடைசி மேஜைக்குப் போவார்கள். சில சமயம் கடைசிச் சுற்றில் ஒரே டீம்காரர்கள் இருவரே எதிரெதிரே உட்கார வேண்டி வரும். ஜெயிப்பவன் மேஜைக்கு, தோற்பவன் வீட்டுக்கு. அப்போது ஒருவர் ஆடாமலே விட்டுத் தரலாம், விதியில் இடம் உண்டு. ஆனால் நடுவர் காதில் விழும்படி "விட்டுத் தர்றேன்" என்று வாய் திறந்து சொல்லி, எதிராளிக்குக் கை கொடுக்க வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது.

மூன்று முறை அப்படி நேர்ந்தது. முதல் முறை அண்ணனுக்கு வேலை போயிருந்த நேரம். "எனக்கு ஏதாவது ஒண்ணாவது நல்லது நடக்கட்டும் மாப்ளே" என்றான். இரண்டாம் முறை அண்ணி மாசமாக இருந்தாள். மூன்றாம் முறை சொல்வதற்குக் காரணம்கூட இல்லை. "அடுத்த தடவை உனக்கு, சத்தியமா" என்றான். மூன்று முறையும் இவர் சிரித்துக்கொண்டே, "விட்டுத் தர்றேன் மச்சான்" என்று சொல்லிக் கையை நீட்டினார். அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

வருஷா வருஷம் இந்த விளையாட்டை நடத்தும் கம்பெனிக்காரர்கள் சிறந்த ஆட்டக்காரர்கள் சில பேரை 'ஹால் ஆஃப் ஃபேம்' என்கிற கௌரவப் பட்டியலில் சேர்ப்பார்கள். தலைமை அலுவலகச் சுவரில் போட்டோ, மேடையில் மோதிரம், ஐந்து நிமிஷப் பேச்சு. முன்பே தேர்வானவர்களும் பழைய நடுவர்களும்தான் ஓட்டுப் போடுவார்கள். ஒருவர் பெயர் சில வருஷம்தான் தேர்வில் நிற்கும், அதற்குள் வராவிட்டால் அவ்வளவுதான். அண்ணன் முந்தின வருஷமே உள்ளே போய்விட்டான். மேடையில் குடும்பத்துக்கு நன்றி சொன்னான், கடைக்காரருக்கு நன்றி சொன்னான். கட்டு யார் சேர்த்தது என்று சொல்ல ஐந்து நிமிஷம் போதவில்லை போலிருக்கிறது. எனக்கு அப்போதே சுருக்கென்றது. இவரிடம் சொன்னால், "மறந்திருப்பான், பதட்டத்துல இருந்திருப்பான்" என்று லிஃப்ட் குரலில் சமாதானம் சொன்னார்.

இந்த வருஷம்தான் இவருக்குக் கடைசி வாய்ப்பு. அண்ணன் வீட்டுக்கு வந்து, என் முன்னாலேயே, "என்னோட முதல் ஓட்டு உனக்குத்தான் மாப்ளே. என் கூட ஆடுனவன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்தான்.

இவர் நம்பினார். எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்திராத மனிதர், இதற்கு ஆசைப்பட்டார். மேடைப் பேச்சு பழக வேண்டுமே, வீட்டில் வெட்கம். அதனால் வேலைக்குப் போன இடத்தில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு பேசிப் பார்த்திருக்கிறார். அந்தக் குழாய் போன்ற இடத்தில் சத்தம் எல்லா மாடிக்கும் போகும் என்பது இவருக்குத் தெரியாதா என்ன, ஆனால் அந்த நேரத்துக்கு மறந்துவிட்டார். "இந்த இடத்துக்கு என்னைக் கொண்டுவந்த என் மச்சானுக்கு" என்று ஆரம்பித்த பேச்சை ஒரு கட்டிடமே கேட்டது. கூட வேலை பார்ப்பவர் இதை என்னிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஓட்டெடுப்பு ஞாயிற்றுக்கிழமை மதியம், நேரடி ஒளிபரப்பு. ஒவ்வொருவராக வந்து, யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறேன், ஏன், என்று சொல்ல வேண்டும். நாங்கள் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். இவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். டிவிக்குள் இருப்பவர்களுக்கு உங்கள் சட்டை தெரியாது என்று கேலி செய்தேன்.

அண்ணன் மூன்றாவதாக வந்தான். ஐந்து பெயர் சொன்னான். முதல் பெயர், இப்போது அவன் ஆடுகிற புது டீமின் பையன். ஐந்திலும் இவர் பெயர் இல்லை. நிகழ்ச்சியை நடத்துபவரே வியந்துபோய், "லிஃப்டு உங்க சொந்தக்காரர் ஆச்சே?" என்று கேட்டார்.

அண்ணன் வாய் கூசாமல் சொன்னான். "சொந்தம் வேற, தகுதி வேற. நல்ல கட்டு சேர்ப்பார், மறுக்கல. ஆனா கடைசி மேஜைக்கு வந்த கணக்கு ரொம்பக் கம்மி. முக்கியமான நேரத்துல ஜெயிக்கத் தெரியணும்ல?"

விட்டுத் தந்த ஆட்டமெல்லாம் ஏட்டில் வெறும் தோல்வி என்றுதான் ஏறியிருக்கும். அந்தக் கணக்கு ஏன் கம்மி என்று இன்னும் ஞாபகம் வைத்திருந்தவர்கள் மூன்றே பேர், அதில் இரண்டு பேர் எங்கள் சோஃபாவில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "கூட ஆடுனவரே சொல்றப்ப நாம என்ன சொல்றது" என்றார் ஒரு பழைய நடுவர். அதோடு முடிந்தது. இவர் எழுந்து போய் சட்டையைக் கழற்றி, கசங்காமல் ஹேங்கரில் மாட்டினார். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் கூடப் பிறந்தவனே செய்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு கேக் டப்பாவோடு வந்தான். எதற்குக் கேக் என்று நான் கேட்கவில்லை. காபி மட்டும் வைத்தேன், சர்க்கரை போட மறந்துவிட்டேன். மறக்கவில்லை, போடவில்லை.

"மனசுல வச்சுக்காத மாப்ளே. பொது மேடையில சொந்தக்காரனுக்கு ஓட்டுப் போட்டா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"மூணு ஆட்டம் விட்டுத் தந்தேனே மச்சான்" என்றார் இவர். அதே குரல்.

நான் சமையலறை வாசலில் நின்றேன். அண்ணன் மன்னிப்புக் கேட்பான் என்றுதான் அப்போதும் எதிர்பார்த்தேன், சத்தியமாக. அவன் காபியை ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, கப்பைக் கீழே வைத்தான்.

"அதையே சொல்லிட்டு இருக்காத. ஆடியிருந்தாலும் நான்தான் ஜெயிச்சிருப்பேன். உனக்கே தெரியும்."

அதைச் சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓட்டுப் போடாதது பயத்தினால்கூட இருக்கலாம். இவர் உள்ளே போனால் இவர் கதையைத் தோண்டுவார்கள், தோண்டினால் அவன் போட்டோவுக்குக் கீழே எழுதியிருக்கும் கடைசி மேஜைக் கணக்கும் ஆட்டம் காணும். அதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் இத்தனை வருஷமாக, இவர் கொடுத்ததை அவன் வாங்கியதாகவே நினைக்கவில்லை.

இவர் எழுந்தார். செருப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து ஒரு கட்டை எடுத்து வந்தார். சாப்பாட்டு மேஜையில் கேக் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, நிதானமாகக் கலைத்தார். கலைத்த கட்டை எதிராளி வெட்டித் தர வேண்டும், அதுதான் வழக்கம். அண்ணன் முன்னால் வைத்தார்.

"உன் கட்டு பைக்குள்ளதான இருக்கும். ஆடிப் பாத்துடலாம் மச்சான்."

அண்ணன் பையைத் தொடவில்லை. இவர் கட்டையும் தொடவில்லை.  பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"உங்க அண்ணி காத்துட்டு இருப்பா பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தான்.

வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, இவர் இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார். "ஆடலேன்னா சொல்லிட்டுப் போகணும் மச்சான். தலையாட்டுனா செல்லாது."

அண்ணன் லேஸ் முடிச்சை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்லி அவனைக் காப்பாற்றுவேன் என்பது போல. சின்ன வயதில் அப்பாவிடம் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் பார்ப்பான், நானும் ஏதாவது பொய் சொல்லி விடுவிப்பேன். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் மூன்று தரம் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த இரண்டு வார்த்தையை, அவன் ஒரு தரம்கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனான்.