சொர்ணலதாவிடம் வந்த போட்டோ

பழனிசெட்டிபட்டியில் பிளக்ஸ் அடிக்கும் கடையில் பதினோரு வருஷமாக டிசைன் போடுகிறாள் சொர்ணலதா. அக்கம்பக்கத்து இளவட்டங்களின் முகமெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பிறந்தநாளுக்கும் கூலிங் கிளாஸ், கண்ணீர் அஞ்சலிக்கும் அதே கூலிங் கிளாஸ். பின்னணியை மட்டும் மாற்றுவாள்.

போன மாசியில் ஈஸ்வரபாண்டி என்ற பையன் வந்தான். "அக்கா, இந்தப் போட்டோவ வச்சுக்கங்க, எதுக்காச்சும் ஆகும்" என்றான். "மாப்பிள்ளை ஆகப்போறியாக்கும்!" என்று சிரித்து அனுப்பிவைத்தாள். ஒன்பதாம் நாள் அவன் நண்பர்கள் வந்து கண்ணீர் அஞ்சலிக்கு அந்தப் போட்டோவைத்தான் கேட்டார்கள். தானே தேடிக்கொண்ட சாவு. அன்றைக்குத் தான் சிரித்த சிரிப்பு இன்னமும் அவளைத் தூங்கவிடவில்லை.

இன்று மத்தியானம் விஷால் வந்து நின்றான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். கல்யாணம் நின்றுபோய் டீக்கடையில் அவன் அழுததைக் கூட்டாளிகள் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருந்தார்கள். ஊரே பார்த்திருந்தது.

"நல்ல போட்டோக்கா. பத்திரமா இருக்கட்டும்."

"என்ன விசேஷம்?"

"சும்மாதான்."

சொர்ணலதா மேஜைமேல் அவன் வைத்த பைக் சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"தம்பி, மறைக்காமச் சொல்லு. செத்துப்போகணும்னு நெனைக்கிறியா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஆத்தாகிட்ட சொல்லிராதீக."

ஆனாலும் அவள் சொன்னாள். போனில் அவன் தாய் சங்கிலியம்மாள் சலித்துக்கொண்டாள். "பொட்டப்புள்ள மாதிரி அழுது மானத்த வாங்கினது போதாதா? ரெண்டு நாள்ல சரியாயிருவான். நீ கொஞ்சாத ஆத்தா."

இணைப்பு அறுந்தது. பெற்றவளுக்கே கேட்கவில்லையே!

சொர்ணலதா கடையைப் பூட்டினாள். அவனைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். டீக்கடையைத் தாண்டும்போது விசில் பறந்தது.

"ஏலே விஷாலு, சேலைய யாருகிட்டடா வாங்கிக் கட்டப்போற?"

"எறக்கி விடுங்கக்கா. அசிங்கமா இருக்கு."

"அவுக சிரிக்கட்டும். நீ உயிரோட இருடா!"

சிக்னலில் வண்டி நின்றது. அவன் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றுவது அவளுக்குத் தெரிந்தது. பின்சீட்டின் கனம் குறைந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து, கையைப் பின்னால் நீட்டி அவன் சட்டையை இறுகப் பற்றினாள்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவன் உதறவில்லை. மெல்ல உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. ஒற்றைக் கையாலேயே வண்டியை ஓட்டினாள் சொர்ணலதா.