பூ இல்லாத தாள்

அந்தத் தாளுக்கு மருந்து தடவியிருந்தோமா, இல்லையா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

போன கார்த்திகையில், தஞ்சாவூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நடந்தது இது. அம்மா வீடு மாறியபோது என் கல்லூரிக் கால ஹெர்பேரியக் கட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. நான் படித்தது தாவரவியல். செடிகளைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, எங்கே எடுத்தது என்று கீழே எழுதிவைப்போம்.

பிரித்ததும் கண்ணில் பட்டது மஞ்சள் கரிசலாங்கண்ணி. பாபநாசம் பக்கத்து வாய்க்காலில் நானும் தோழியும் சேற்றில் இறங்கி, செருப்பைத் தொலைத்து, சிரித்துக்கொண்டே வேரோடு எடுத்தது. பூவின் மஞ்சள்கூட மங்கவில்லை. பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், இரண்டு வயது மகளின் உதட்டில் மஞ்சள் தூள். தாளில் பூ இல்லை.

அது கீரைதான். ஆனால் பூச்சி அரிக்காமலிருக்கச் சில செடிகளுக்குப் பாதரச மருந்து தடவுவோம். கொடிய விஷம். குழந்தையின் வாயை வழித்துவிட்டு, தாளையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். வழியிலேயே தோழிக்கு போன் செய்தேன்.

"நம்ம கரிசலாங்கண்ணி ஷீட்டுக்கு மருந்து தடவினோமாடி?"

"ஏன்டி, இப்ப வந்தா மார்க்கைக் குறைக்கிறாங்க?" என்று சிரித்தவள், நான் அழுவதைக் கேட்டதும் அடங்கினாள். "ஆரம்பத்துல தடவினோம். உனக்குத் தலைவலி வந்ததும் விட்டுட்டோம். இது முன்னாடி ஒட்டினதா பின்னாடியா, தெரியலையேடி."

டாக்டர் தாளைப் பார்த்தார். "இது கீரைதானேம்மா?"

"கீரைதான் டாக்டர். விஷமாவும் இருக்கலாம்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாலும், ரத்தப் பரிசோதனை செய்து, மறுநாள் வரை எங்களை அங்கேயே வைத்துக்கொண்டார். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை; ஆனால் தாளில் மருந்து இருந்ததா என்பதைப் பரிசோதனை சொல்லவில்லை. பிஸ்கட் கேட்டு நர்ஸை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல அதைத் தூக்கிப் போடு" என்கிறார் கணவர். நியாயம்தான். ஆனால் பொங்கலுக்குப் பாபநாசம் போனபோது அந்த வாய்க்காலைப் பார்த்தேன். கரைக்கு சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஒரு செடி இல்லை. அங்கே அது பூத்தது என்பதற்கும், நான் எதற்கும் பயப்படாமல் சேற்றில் நின்றேன் என்பதற்கும் இந்தத் தாள்தான் மிச்சம்.

இப்போது அதை உறையில் போட்டு பீரோவின் மேல்தட்டில் பூட்டியிருக்கிறேன். பூட்டினேனா என்று அடிக்கடி இழுத்தும் பார்க்கிறேன். பூ போன தாளைக் கல்லூரியில் வாங்கிக்கொள்வார்களா? இல்லை, மகள் பெரியவளாகும்வரை நானே வைத்திருக்கலாமா? வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்களேன்.