செக்ரோல் தாளில் மடித்த மாத்திரை

வர்ஷா உட்கார மாட்டாள். மேல்கொம்பை எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு வந்தால் கதவோரமாகவே நிற்பாள். நர்ஸ் பிரிஸில்லா தன் மேசைக்கு எதிரே கிடக்கும் நீலத் துணி தைத்த நாற்காலியை இழுத்துப் போட்டால், "நின்னுக்கறனுங்க சிஸ்டர்" என்பாள். காரணம் பிரிஸில்லாவுக்குத் தெரியும். அதனால் வற்புறுத்த மாட்டார்.

போன ஆடி மழையில் அவளுக்கு வலி கண்டது. மண் சரிந்து குன்னூர் ரோடு அடைபட்டு, ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டது. ஒன்றரை நாள் வலி. குழந்தை பிழைத்ததே பெரும்பாடு. ஆனால் குழந்தையின் தலை அத்தனை நேரம் அழுத்திக் கிடந்ததில், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிட்டது. அன்று முதல் சிறுநீர் நிற்காமல் கசிந்தது. இருபத்து மூன்று வயதுப் பெண், கொழுந்து எடுக்கவும் போகாமல், கல்யாணம் காட்சிக்கும் போகாமல், துணியை மாற்றுவதும் துவைப்பதுமாகவே கிடந்தாள். பிரசவமான உடம்பு, போகப் போகச் சரியாகிவிடும் என்று தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். நம் பெண்களுக்கு எது வந்தாலும் போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்ல மட்டும் ஊரே திரண்டு வரும்!

பிரிஸில்லா அப்படிச் சொல்லவில்லை. வெலிங்டனில் பிறந்து வளர்ந்தவர், இந்த டிஸ்பென்சரிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "இது வியாதி. தையல் போட்டா சரியாகும். கெளம்பு அம்மிணி" என்று அதட்டி, கோயம்புத்தூருக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். பஸ் சீட்டில் தன் சால்வையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தார். இறங்கும்போது வர்ஷா அந்த சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். அந்தப் பார்வை பிரிஸில்லாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஓட்டையைத் தைத்து, ட்யூபும் பையும் மாட்டி அனுப்பினார்கள். மூன்று வாரம் ட்யூப் இருக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரில் கிருமி தொற்றி முற்றிப்போனால் தையல் விட்டுப்போகும். மறுபடி தைப்பது முதல் முறை போல எளிதில்லை என்றும் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

பத்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. பையில் இருந்த சிறுநீர் கலங்கி, வாடை வீசியது. பிரிஸில்லா ட்யூபிலிருந்து சாம்பிள் எடுத்து, ஐஸ் வைத்த டப்பாவில் போட்டு, தானே பஸ் ஏறி குன்னூர் லேபில் டாக்டர் ஜூடித்திடம் கொடுத்து வந்தார். இரண்டு நாள் கழித்து டாக்டர் போன் செய்தார். "சாம்பிள்ல எந்தக் கிருமியும் வளரலையே சிஸ்டர்."

"டாக்டர், பொண்ணு அனலாக் கொதிக்குது. எனக்கு நம்பிக்கையில்லை."

போனை வைத்த கையோடு குடையை எடுத்துக்கொண்டு வர்ஷாவின் வீட்டுக்கு நடந்தார். மாமியார் வேலாமணி வாசலுக்கே வந்துவிட்டார். மருமகளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிற மனுஷி.

"சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி ஏதாச்சும் மாத்திரை குடுத்தீங்களா?"

"ஆமாங்க சிஸ்டர். காய்ச்சலுக்கு முன்னாடியே நீரு கலங்குச்சுங்க, அப்பருந்து ரெண்டு நாளா வேளைக்கு ஒண்ணு குடுத்தனுங்க. ஏனுங்க, நல்ல மாத்திரைதானுங்களே? பக்கத்து ஊட்டுக்காரிக்கு நீர்க்கடுப்பு வந்தப்ப இதுலதான் நின்னுதுங்க."

பிரிஸில்லாவுக்குச் சுருக்கென்று வந்தது. மாத்திரை கிருமியைக் கொல்லவில்லை, சாம்பிளில் தலைகாட்டாமல் அடக்கி மட்டும் வைத்திருக்கிறது. எந்த மெடிக்கல் ஷாப்காரன் கொடுத்தான், இன்றைக்கே அவனை ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று கத்தினார். வேலாமணி ஒன்றும் புரியாமல் உள்ளே போய் ஒரு பிஸ்கெட் டின்னைக் கொண்டு வந்தார். பிரிஸில்லா மூடியைத் திறந்தார்.

உள்ளே பொட்டலங்கள். எஸ்டேட்டில் ஆள் வருகை எழுதும் செக்ரோல் புத்தகத்தின் பழைய தாளைக் கிழித்து, நாலு மூலையும் மடித்து, கடைசி மூலையை உள்ளே செருகிய பொட்டலங்கள். அந்த மடிப்பை இந்த மலையில் ஒரே ஒருவர்தான் மடிப்பார். மேலே எழுதியிருந்ததும் பிரிஸில்லாவின் கையெழுத்துதான். ஒன்றில் மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி.

நடந்தது இதுதான். டிஸ்பென்சரிக்கு மாத்திரை கொஞ்சமாகத்தான் வரும். எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று பிரிஸில்லா ஆளுக்கு மூன்று நாள் மாத்திரை மட்டும் மடித்துக் கொடுத்தார். ஏழு நாள் சாப்பிட வேண்டியதற்கும் அதே மூன்று நாள்தான். வாங்கிப் போனவர்கள், இரண்டு நாளில் கடுப்பு நின்றதும் மிச்சத்தை டின்னில் போட்டு வைத்தார்கள். நீர்க்கடுப்புக்காக மறுபடி டிஸ்பென்சரிக்கு வர ஒரு நாள் வேலையை விட யாரால் முடியும்? அடுத்த முறைக்கு ஆகும், அக்கம்பக்கத்துக்கும் ஆகும். கொடுத்தவருக்கும் நல்ல மனசு, எடுத்து வைத்தவர்களுக்கும் நல்ல மனசு. கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

ஒரு நாள் எந்த மாத்திரையும் கொடுக்காமல், ஈரத்துணி போட்டுக் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டு, மறுபடி சாம்பிள் எடுத்தார். இந்த முறை ரிப்போர்ட்டில் கிருமி வளர்ந்திருந்தது. கேட்காத மருந்துக்கு 'ஆர்' என்று போடுவார்கள். மேலிருந்து கீழ்வரை 'ஆர்', 'ஆர்' என்றே இறங்கியது. வாயால் சாப்பிடும் மாத்திரை ஒன்றுகூடத் தேறவில்லை. கேட்பது ஒரே ஒரு ஊசி, அதையும் பத்து நாள் விடாமல் போட வேண்டும்.

"பாதி மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு, கிருமி மருந்தோட பழகிருச்சு" என்றார் ஜூடித். "ஆனா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலயே ஒட்டிக்கிட்டும் வந்திருக்கலாம். யாராலும் உறுதியாச் சொல்ல முடியாது. நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க சிஸ்டர்."

தப்பித்துக்கொள்ள ராஜபாட்டை போட்டுக் கொடுத்தாகிவிட்டது. நானாக இருந்தால் அதில் நடந்து ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். பிரிஸில்லா போகவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு, கொழுந்து எடுக்கும் பெண்கள் வேலை பிரிக்க நிற்கும் மஸ்டர் மேட்டில் போய் நின்றார். வாயைத் திறந்தாலே அதட்டுகிற சிஸ்டர் அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"மூணு நாள் மாத்திரை மடிச்சுக் குடுத்தது நான். தப்பு பண்ணிட்டேன். உங்க ஊட்டு டின்னுல இருக்கறது மருந்து இல்லீங்க, கிருமிக்குப் பாடம். எல்லாத்தையும் எங்கிட்டத் திருப்பிக் குடுத்துருங்க. இனிமே குடுத்தா முழுசாக் குடுப்பேன். நீங்களும் முழுசாச் சாப்பிடணும்."

இருபத்திரண்டு வருஷம் கையெடுத்துக் கும்பிட்ட கூட்டத்தின் முன்னால் நின்று 'தப்பு பண்ணிட்டேன்' என்று சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சில் தைரியம் இருக்கிறது? முதலில் வேலாமணிதான் தன் டின்னை டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சாயங்காலத்துக்குள் டிஸ்பென்சரி மேசை கொள்ளவில்லை. அந்த வாரமே பிரிஸில்லா மேனேஜரிடம் போய், முழு அளவு மருந்து வராவிட்டால் இனி டிஸ்பென்சரியைத் திறக்க மாட்டேன் என்று சண்டை போட்டார். மருந்து வந்தது.

ஊசிக்குத் தினமும் காலை ஆறரைக்கு, பனியோ மழையோ, வர்ஷாவின் வீட்டில் இருப்பார். தண்ணீர் குடிக்க வைப்பதுதான் ஊசியைவிடப் பெரிய பாடாக இருந்தது. தேயிலைக் காட்டில் ஒதுங்க இடம் கிடையாது. சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பதைத்தான் வேலைக்கு வந்த முதல் நாளே கற்றுக்கொள்கிறார்கள். போதாததற்கு, பை நிறைந்தால் மாமியார்தான் கொட்ட வேண்டுமே என்கிற கூச்சம்.

"நீ ஒரு டம்ளர், நான் ஒரு டம்ளர்" என்று பிரிஸில்லா எதிரே உட்கார்ந்து குடித்தார். நாலாவது டம்ளரில் வர்ஷா சிரித்துவிட்டாள். "போதுமுங்க சிஸ்டர், நீங்க எப்படி டிஸ்பென்சரி வரைக்கும் நடப்பீங்க?"

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்து ஊசியும் முடிந்து எடுத்த சாம்பிள் சுத்தமாக இருந்தது. காய்ச்சலால் ஒரு வாரம் தள்ளிப்போட்ட தேதியில் கோயம்புத்தூர் டாக்டர்கள் ட்யூபை எடுத்தார்கள். தையல் பிடித்திருக்கிறதா என்பது ஒரு வாரம் போனால்தான் தெரியும் என்றார்கள். அந்த ஒரு வாரம் பிரிஸில்லா ஜெபமாலையைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. வர்ஷாவிடம் கேட்கவும் பயம்.

எட்டாம் நாள், குழந்தைக்குத் தடுப்பூசி போட வர்ஷா வந்தாள். டிஸ்பென்சரியில் கூட்டம். பிரிஸில்லா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், வர்ஷா உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்தாள், பக்கத்தில் நின்றவளோடு ஊர்க்கதை பேசினாள். முக்கால் மணி நேரம். முறை வந்து ஊசி போட்டதும், வீறிட்ட குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "வர்றனுங்க சிஸ்டர்" என்று கிளம்பினாள்.

நாற்காலியை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.