தளும்பாத குடம்

அப்பா வாங்கி வந்த வண்டியில் பின்னால் உட்கார இடமே இல்லை. பாறை மேலும் கல் மேலும் ஏறி இறங்கும் போட்டிக்காகத் திருச்சிப் பையன் ஒருவன் மாற்றி அமைத்து, ஆசை தீர்ந்ததும் தள்ளிவிட்ட பழைய பைக் அது. நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டுமாம். வெட்டுக்கிளி மாதிரி நின்ற அதைப் பெரியப்பா ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். "ஏன்டா, சர்க்கஸ்ல கிர்க்கஸ்ல சேந்துட்டியா?" என்று கேட்டார். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதில் எங்கள் தெருவுக்கு இரண்டு கருத்து இல்லை.

எனக்கு மட்டும் கொண்டாட்டம். அப்போது எனக்கு எட்டு வயது. ஜெயங்கொண்டத்துப் பட்டறையில் விட்டு, அப்பா தனக்கு ஒரு சீட்டும் பின்னால் மெத்தென்று இன்னொரு சீட்டும் கைப்பிடியும் வைத்துக்கொண்டு வந்தபோது பின் சீட்டு எனக்கேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த வீட்டில் வேறு யாருக்கு அவ்வளவு செல்லம்?

எங்களிடம் முன்பு ஒரு மொபெட் இருந்தது. முந்தின வருஷம் அடைமழையில் அம்மாவுக்கு வயிற்றுவலி என்று அப்பா அதில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சில நாள் கழித்துத் திரும்பி வந்த அம்மா, சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். வயிற்றுவலி சரியாகிவிட்டது என்றார்கள். அப்பா மொபெட்டை விற்றுவிட்டார். நல்ல ஓட்டத்தில் இருந்த வண்டியை ஏன் விற்றார் என்று நான் கேட்கவில்லை.

அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் வேலை. அரியலூர் ரோட்டைக் குண்டும் குழியுமாக்கியதில் அவருக்கும் நியாயமான பங்கு உண்டு. புது வண்டியின் இன்ஜினைப் பற்றி அவர் கவலையே படவில்லை. ஷாக் அப்சார்பர், ஷாக் அப்சார்பர் என்றுதான் எந்நேரமும் பேச்சு. முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய், அந்த ஃபோர்க் இரண்டிலும் சீல் போய் ஆயில் வழிந்தது. பின்னால் ஸ்பிரிங் தொய்ந்து, ஆள் உட்கார்ந்ததும் பொத்தென்று இறங்கியது. லாரிக்குப் போகாத நாளெல்லாம் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

சோதித்துப் பார்க்க அவரிடம் இருந்த கருவி நானும் ஒரு பிளாஸ்டிக் குடமும்தான். குடத்தில் தண்ணீர் ஊற்றி என் மடியில் வைத்து, துண்டால் என்னைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். முந்திரிக்காட்டு வண்டிப்பாதையில் ஐயனார் கோயில் வரை போய்த் திரும்ப வேண்டும்.

"ரெண்டு கையாலயும் அணைச்சுப் புடிச்சுக்க பாப்பா. சொட்டு சிந்தாம வந்துட்டா பரோட்டா வாங்கித் தரேன்."

முதல் தடவை, சும்மா கிடக்கிறதே என்று லாரிக்கு ஊற்றும் ஆயிலையே ஃபோர்க்கில் ஊற்றியிருந்தார். அது கெட்டியான ஆயில். ஃபோர்க் இறங்கவே மறுத்தது. கல்லுக்குக் கல் தண்ணீர் எகிறி என் மூஞ்சியில் அடித்தது. தெப்பமாக நனைந்து வந்து இறங்கினேன். "புள்ளைக்குச் சளி புடிச்சா யாரு பாக்குறது?" என்று அம்மா அப்பாவைப் பிடிபிடி என்று பிடித்தாள்.

பிறகு திருச்சிக்குப் போய்ச் சீலும் சரியான ஆயிலும் வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று என் இருமல் மருந்து மூடியால் அளந்து அளந்து ஊற்றினார். பின் ஸ்பிரிங்கின் வளையத்தை முடுக்குவார்; என்னை ஏறி உட்காரச் சொல்வார். வண்டி எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க, சட்டத்தில் ஒன்றும் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்றுமாக அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, நடுவே விரல்களை வைத்து அளப்பார். "என் பொட்டு அட்டை எங்க போச்சு?" என்று அம்மா வீடெல்லாம் தேடிக்கொண்டிருப்பாள்.

என் கனம் போதாதென்று எனக்குப் பின்னால் ஒரு அரிசிச் சிப்பமும் ஏறியது. வாராவாரம் குடத்தில் தண்ணீரும் ஏறிக்கொண்டே வந்தது.

"ஏம்ப்பா இவ்ளோ தண்ணி?"

"போகப் போக கனம் கூடும்ல பாப்பா."

நான் வளர்வதைத்தான் சொல்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. அப்பாவை ஏமாற்றக்கூடாதென்று அந்த மாதம் முழுக்க இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டேன்.

ஒரு சாயங்காலம், கழுத்து வரை தண்ணீர் நிறைந்த குடத்தோடு கோயில் வரை போய்த் திரும்பினோம். வேர், கல், பள்ளம் எல்லாவற்றிலும் வண்டி மெல்ல அமிழ்ந்து மெல்ல எழுந்தது. என் பாவாடை காய்ந்தபடியே இருந்தது. அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்குக் கேட்காமலே இரண்டு பரோட்டா கிடைத்தது.

மறுநாள் காலையில் அந்தச் சீட்டில் அம்மா ஏறி உட்கார்ந்தாள். ஜெயங்கொண்டத்தில் ஏதோ ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். நான் வேண்டாமாம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நனைந்தது நான், சிப்பத்தோடு சிப்பமாக உட்கார்ந்தது நான், சவாரி மட்டும் அம்மாவுக்கா? உள்ளே ஓடிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "குடத்த விட்டுட்டுப் போறியேப்பா!"

அம்மா சிரித்துவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "நீயே வச்சிக்க சாமி, நான் பாத்துக்குறேன்" என்று சொல்லி, நான் குடத்தை அணைத்துப் பிடிப்பேனே, அதே மாதிரி வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். என்னைக் கேலி செய்கிறாள் என்று எனக்குக் கோபம்.

தம்பி இப்போது காலேஜ் போகிறான். அதே வண்டியைத்தான் முந்திரிக்காட்டில் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான். அவனுக்கு முன்னால் உண்டான பிள்ளை தங்காமல் போனதற்கும் மொபெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தாராம். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாராம், நம்பவில்லையாம். அம்மா இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கு அப்புறம்தான்.

அன்று காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் இடம் போய்விட்டது என்பதுதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வண்டி தெருமுனைக்குப் போனதும் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினேன்: "அம்மா, சிந்தாம பாத்துப் போ!"

வண்டி அங்கேயே நின்றுவிட்டது. அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் வண்டி கிளம்பவே இல்லை. மறுபடியும் ரிப்பேர் போலிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் எனக்கு வேலை இருக்கும் என்று சந்தோஷமாக உள்ளே போனேன்.