லொறியோடு போன போனும் டேங்கியடிப் படமும்

என் வீட்டுக்காரரின் படம் என்று இரண்டுதான் இருந்தன. ஒன்று அடையாள அட்டையில். அதில் யாரோ அதட்டியதுபோல விழித்துக்கொண்டிருப்பார். மற்றது என் போனில். தண்ணீர் டேங்கியருகே நின்று பல் தெரியச் சிரிப்பார். வருஷத் திவசத்துக்கு அதைப் பெரிதாக்கி மாலை போட வேண்டும் என்று இருந்தேன்.

திவசத்துக்கு முந்தின வாரம், அன்றன்றே கையில் கிடைக்கும் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. போன் நனையக்கூடாதென்று பொலித்தீன் பையில் சுற்றிக் கொழுந்துச் சாக்கில் செருகினேன். நிறுவை முடிந்து சாக்குகளை லொறியில் ஏற்றிவிட்டார்கள். லொறி போன பிறகுதான் நினைவு வந்தது. கங்காணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து நிரைக்காரிதான் போய்ச் சொன்னாள்.

"போனையும் சேத்து நிறுத்துட்டீங்களா அக்கா? அப்ப நம்ம எல்லாரயும் விட உங்களுக்குத்தான் கிலோ கூட!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் பெக்டரியிலிருந்து போன் திரும்பி வந்தது. கண்ணாடி நொறுங்கி, உயிரில்லாமல்.

பெல்மதுளையில் கட்டிக்கொடுத்த என் மகள் தன் பழைய போனோடு வந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"படம் போனுக்குள்ள மட்டும் இல்லம்மா. போன் வாங்குனப்பவே கிளவுட்ல ஏறுற மாதிரி வச்சுக் குடுத்தேன்ல."

"அது எங்க இருக்கு?"

"எங்கயோ தூரத்துல பெரிய பெரிய கம்பியூட்டருங்க. அதுல நமக்கும் கொஞ்சம் எடம். நம்ம மேட்டு டேங்கி மாதிரின்னு வச்சுக்கங்க. லயத்துப் பைப்பு ஒடஞ்சா டேங்கித் தண்ணி போயிருமா? வேற பைப்பத் தொறந்தா வரும்ல?"

கொஞ்சம் வைத்தால் காசு இல்லையாம். நிறைய வைத்தால் மாசாமாசம் கட்ட வேண்டுமாம். எந்த ஊரிலிருந்தும், எந்தப் போனிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாமாம். சிக்னல் மட்டும் வேண்டும்.

எங்கள் லயத்து வீடுகளில் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கும் கோயில் வளைவுக்கு ஏறினோம். உடைந்த போனின் சிம்மைக் கொண்டுவந்த போனில் போட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"பாஸ்வேர்ட் என்னம்மா?"

அதை நானே போட்டிருந்தேன். யாருக்கும், தனக்கும்கூடச் சொல்லக்கூடாது என்று அன்று சொன்னவள் அவள்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சாமி பேரா? என் பேரா?" என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அப்பா பேரா?" என்றாள்.

நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் வாயால் சொல்லாத பேர் அது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதுகூடத் தகப்பன் பேரைப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள்.

"சொல்லுங்கம்மா. இங்க யாரு இருக்கா?"

"மாட்டேன். இப்பிடிக் குடு."

அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிய இங்கிலீசு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். பேருக்குப் பின்னால் அவருடைய செக்ரோல் நம்பர், தோட்டத்துப் பதிவில் உள்ளது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் தினமும் கூப்பிட்ட நம்பர் அது, மகளுக்குத் தெரியாது. நான்தானா என்று சரிபார்க்கச் சிம்முக்கு ஓர் இலக்கம் வந்தது. அதையும் அவள் போட்டாள்.

படம் முதலில் மங்கலாக வந்தது. பிறகு டேங்கி, பிறகு பல்.

பலாங்கொடையில் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். திவசத்தன்று பக்கத்து நிரைக்காரி பார்த்துவிட்டு, "போன்தான் ஒடஞ்சிருச்சே, இது எங்கயிருந்து அக்கா வந்துச்சு?" என்றாள்.

டேங்கி, பைப்பு என்றெல்லாம் கூட்டத்தில் சொல்ல எனக்குக் கூச்சம். "மககிட்டக் கேளு" என்று சொல்லிவிட்டு மாலையைச் சரிசெய்தேன்.